பாதி நோட்டிலிருந்தே தொடங்குங்கள்

கேள்வி: பள்ளி நாட்களில் நன்றாக வரைவேன். இப்போது வயது 41. டோம்பிவிலியிலிருந்து மும்பை ஃபோர்ட்டில் இருக்கும் அலுவலகத்துக்குத் தினமும் லோக்கல் ரயிலில் போய் வருகிறேன். நாளுக்கு ஒரு படம் என்று ஜனவரியில் ஆரம்பித்தேன். 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்றார்கள். பதினாறு நாள் வரைந்தேன், அப்புறம் மாமியாருக்கு உடம்பு முடியாமல் போய் விட்டுப்போனது. இதோடு மூன்று நோட்டு வீணாகிவிட்டது. எனக்கு விடாமுயற்சியே கிடையாதோ?
- பெயர் வேண்டாம், டோம்பிவிலி

பதில்: பதினாறு நாள் வரைந்த கைக்கு விடாமுயற்சி இல்லை என்று யார் சொன்னது? முதலில் அந்த 21-ஐத் தலையிலிருந்து இறக்கி வையுங்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் வந்த தன் புத்தகத்தில், முகத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று தான் பார்த்ததை எழுதினார். வாய்க்கு வாய் மாறியதில் ‘குறைந்தது’ விழுந்துவிட்டது, முகமும் விழுந்துவிட்டது, 21 மட்டும் நின்றுவிட்டது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவருடன் வேலை செய்தவர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதன் கணக்குப்படி ஒரு பழக்கம் தானாக வர ஒருவருக்கு 18 நாள் போதும், இன்னொருவருக்கு 254 நாள் ஆகும், நடு அளவு 66. அங்கே அவர்கள் பார்த்ததெல்லாம் சாப்பாட்டோடு பழம் தின்பது, தண்ணீர் குடிப்பது, ஓடப் போவது மாதிரியான காரியங்கள்தான், ஓவியம் இல்லை. ஆனாலும் உங்களுக்கு வேண்டிய ஒரு விஷயம் அதில் இருக்கிறது: நடுவில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைக் கலைக்கவில்லை.

சரி, எப்போது வரைந்தீர்கள்? நீங்கள் எழுதவில்லை. அடுக்களையைக் கழுவிவிட்டு ராத்திரி பத்தரைக்கு மேல் உட்கார்ந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த நேரம் வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் பறிபோகிற நேரம். வண்டிக்கு மாற்றுங்கள். காலையில் டோம்பிவிலியில் ஏறினால் நிற்கவே இடம் கிடையாது, தெரியும். ஆனால் திரும்பும்போது வண்டி நம் வி.டி.யிலிருந்துதான் (இப்போதைய சி.எஸ்.எம்.டி. நிலையம்) புறப்படுகிறது. ஃபாஸ்ட்டை விட்டுவிட்டு ஸ்லோ வண்டிக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே போய் நின்றால் லேடீஸ் டப்பாவில் (பெண்கள் பெட்டியில்) உட்கார்ந்துவிடலாம், மூன்று பேர் பெஞ்சில் ஒண்டிக்கொள்கிற அந்த நாலாவது சீட்டாவது கிடைக்கும். பைகுல்லா வந்தால் பேனா வெளியே, தாதர் வந்தால் உள்ளே. தாதரில் கூட்டம் மேலே வந்து விழும், அதற்கு மேல் முழங்கையை அசைக்க முடியாது. நடுவில் சின்ச்போக்லி, கரி ரோடு, பரேல். அவ்வளவுதான் உங்கள் நேரம், அதிகம் வேண்டாம்.

என்ன வரைவது என்று யோசிக்கவே கூடாது, கைகளை வரையுங்கள். எதிரில் ஒருவர் மடியில் பிளாஸ்டிக் பையை விரித்து மேத்திக் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார், பக்கத்தில் ஒருவர் பட்டாணி உரிப்பார். கட்டைவிரல் காம்பைக் கிள்ளுகிற அந்த வளைவு மட்டும் போதும். நோட்டைக் கைப்பையின்மேல் வைத்து அழுத்திக்கொண்டு, வண்டி ஓடும்போது நீளக் கோடுகள், நிலையத்தில் நிற்கும்போது நகமும் மடிப்பும். கோடு நடுங்கினால் நடுங்கட்டும்.

இதே ஊர் லோக்கலில் தாளம் தட்டி அபங்கம் பாடிக்கொண்டு போகிற பஜனைக் குழுக்களைப் பார்த்திருப்பீர்கள். பாடுவதற்கென்று அவர்கள் தனியாக நேரம் தேடிப் போகவில்லை. எப்படியும் போகவேண்டிய வண்டியில் பாட்டையும் ஏற்றிவிட்டார்கள். அவர்களைப் பார்த்துத்தான் நானும் கற்றுக்கொண்டேன்.

விட்டுப்போன நாட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2005-இல் நான் குர்லாவில் தரைத்தளத்தில் குடியிருந்தேன். ஜூலை 26, சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி ஆறு எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. தினமும் எழுதி வந்த நோட்டுகள் கூழாகிப் போயின. ஆறு வாரம் ஒரு வரி எழுதவில்லை. பிறகு ஒரு நாள், காய்ந்து அலை அலையாக நெளிந்து கிடந்த ஒரே ஒரு நோட்டை எடுத்து, என்னென்ன போயிற்று என்று பட்டியல் போட்டேன். அரிசி டிரம், கிரைண்டர், அக்கா கல்யாண ஆல்பம். ஆல்பம் என்று எழுதியதும் அந்தக் கல்யாணத்தைப் பற்றியே இரண்டு பக்கம் ஓடிவிட்டது. புது நோட்டு வாங்கியிருந்தால் முதல் பக்கம் அழகாக இருக்கவேண்டுமே என்று பயந்திருப்பேன். அதனால்தான் சொல்கிறேன், நாலாவது நோட்டு வாங்காதீர்கள். அந்தப் பதினாறாவது படத்துக்கு அடுத்த பக்கம் இன்னும் காலியாகத்தானே இருக்கிறது?

கேள்வி: ஐரோலியில் ஐ.டி. வேலை, நைட் ஷிஃப்ட். கதை எழுத ஆசை. அதிகாலையில் எழுதினால்தான் எழுத்து வரும் என்கிறார்கள், எனக்கு அதிகாலையே கிடையாதே?
- ஒரு வாசகர், கான்சோலி

பதில்: தம்பி, இங்கிலாந்தில் தபால் துறையில் வேலை பார்த்த நாவலாசிரியர் ஆந்தனி டிராலப் காலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்துவிடுவார், கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 வார்த்தை. எழுப்பிவிடுவதற்கென்றே வேலையாளுக்கு வருஷம் 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். ஆனால் ஐந்தரை அவருக்கு ஆபீஸுக்கு முந்தின நேரம். உங்கள் ஆபீஸுக்கு முந்தின நேரம் சாயங்காலம். தூங்கி எழுந்து பல் தேய்த்து டீ கையில் வந்ததும், போனைத் தொடுவதற்கு முன்னால், அரைப் பக்கம். நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் வாக்கியத்தை நடுவில் நிறுத்திவிட்டு எழுந்திருங்கள், மறுநாள் எங்கே தொடங்குவது என்ற திண்டாட்டம் இருக்காது.

கேள்வி: மகன் வீட்டோடு முலுண்டுக்கு வந்துவிட்டேன். லிஃப்ட் பக்கத்தில் இரண்டடி இடத்தில் தினமும் கோலம் போடுகிறேன், ஏழு மணிக்கெல்லாம் துடைத்துவிடுகிறார்கள். புள்ளிக் கணக்கை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இனிமேல் நோட்டிலேயே வரைந்தால் போதாதா? இதையெல்லாம் கலை என்று யார் மதிக்கிறார்கள்?
- 67 வயது வாசகி, முலுண்டு

பதில்: அம்மா, இந்தப் பக்கத்துக்குக் கடிதம் போடுகிற பாதிப் பேர் ஏங்குகிற பழக்கம் உங்கள் விரலில் ஐம்பது வருஷமாக இருக்கிறது. மதிப்பைப் பற்றிக் கேட்டீர்களே, கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-இல் கோலத்தின் அமைப்பைக் கணினிக் கணிதத்தின் இலக்கணமாக எழுதி ஆராய்ச்சிக் கட்டுரையே வெளியிட்டார்கள். சிக்குக் கோலத்தில் கம்பி எங்கே திரும்பும், எங்கே மூடும் என்று நீங்கள் யோசிக்காமல் போடுவதை, அவர்கள் விதியாக எழுதிப் பார்க்க வேண்டியிருந்தது.

தரையை விட்டுவிடாதீர்கள். ஊரிலும் வாசல் கோலம் சாயங்காலம்வரை நின்றதில்லை, சைக்கிளும் கோழியும் கலைத்தன, மறுநாள் நீங்கள் வேறு போட்டீர்கள். நோட்டில் வரைந்தால் தப்பு வந்த இடத்தை ரப்பரால் அழித்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம், மாவில் அது நடக்காது, இழுத்த கம்பி இழுத்ததுதான். நோட்டும் இருக்கட்டும். புள்ளிக் கணக்குக்குப் பக்கத்தில் அன்றைய தேதியையும் எழுதி வையுங்கள், மார்கழிக்குள் நாலு பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், போடுகிறோம்.