பழைய அலுமினிய மீன்பிடிப் படகு: வீட்டில் சீரமைப்போரின் கேள்விகளும் பதில்களும்

கே: பல வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்த 12 அடி அலுமினியப் படகு கைக்கு வந்திருக்கிறது. பாடுபட்டுச் சீரமைக்கத் தகுந்ததுதானா என்று எப்படிப் பார்ப்பது?

ப: பெயின்ட் உரிந்திருப்பது, பலகை உளுத்திருப்பது, ரிவெட் (தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஆணி) ஒழுகுவது எல்லாம் பார்க்கப் பயமாக இருந்தாலும் வீட்டிலேயே தீர்கிற கோளாறுகள்தான். தகடு அரித்திருந்தால் மட்டும் நிதானியுங்கள். இந்த அளவுப் படகுகளில் தகட்டின் கனம் பெரும்பாலும் 1.6 முதல் 2.5 மி.மீ. வரைதான். அரிப்புக்குத் தாரை வார்க்க அதில் ஒன்றும் மிச்சமில்லை.

பளிச்சென்று தெரிகிற பக்கங்களை விட்டுவிட்டு, ஈரம் வெளியேற வழியில்லாத இடங்களைத் தேடுங்கள். தரைப்பலகையின் அடி, படகை மிதக்கவைக்கும் நுரைக்கட்டி தகட்டோடு ஒட்டியிருக்கும் இடம், அமரத்தில் (படகின் பின்முனையில்) எஞ்சின் மாட்டும் பின்பலகை உட்காரும் மூலை, டிரெய்லரின் தாங்குகட்டை அழுத்தும் இடம். காற்றுப் பட்டால் அலுமினியம் தானாகவே ஓர் ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். ஈரத்தோடு அடைபட்டுக் கிடந்தால் அந்தப் படலம் சிதைந்து, வெள்ளைப் பொடியும் அதன் அடியில் குழிகளும் வரும்.

பொடியைச் சுரண்டிவிட்டுக் குழியில் குத்தூசியை அழுத்திப் பாருங்கள். இரவில் படகைக் கவிழ்த்து உள்ளே விளக்கு வைத்தால் ஊசித்துளைகள் வெளியே ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் ஆழமில்லாத குழிகளுக்கு எபாக்ஸி (இரு கலவைப் பிசின்) பட்டி போதும். தகட்டின் பாதிக் கனத்தைத் தாண்டிய குழிக்கு மேல்தகடு வைத்து ஒட்டுப்போட வேண்டும். உள்ளங்கை அகலத்துக்கு மேல் சல்லடையாகியிருந்தால் அந்தத் தகட்டையே மாற்ற வேண்டும்; அதை வீட்டு வேலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கே: ஒழுகுகிறது என்று தெரிகிறது, எங்கே என்று தெரியவில்லை.

ப: படகை டிரெய்லரில் ஏற்றி, அடிப்பக்கத்தை நன்றாக உலர்த்திவிட்டு, உள்ளே தண்ணீர் ஊற்றுங்கள். 5 செ.மீ. ஆழத்தில் தொடங்கி, அதிகம் போனால் 10 செ.மீ. வரை. அதற்கு மேல் ஊற்றத் தோன்றும், வேண்டாம். 3.6 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலமுள்ள தரையில் 10 செ.மீ. தண்ணீர் என்றால் 430 கிலோவுக்கு மேல். வெளியிலிருந்து வரும் நீரழுத்தத்தைத் தாங்கச் செய்த தகடு அது. உள்ளிருந்து வரும் பாரத்தில் தாங்குகட்டைகளுக்கு நடுவே தொய்ந்து, நல்ல ரிவெட்டும் இளகிவிடும்.

அரை மணி நேரம் விடுங்கள். இளகிய ரிவெட் உடனே ஒழுகாது, மெதுவாகக் கசியும். ஒவ்வொரு கசிவையும் எழுதுகோலால் வட்டமிடுங்கள். சொட்டு விழும் இடத்தைக் குறித்துவிட்டு ஏமாறுபவர்கள்தான் அதிகம். தண்ணீர் மடிப்பு வழியாக ஓடி வேறிடத்தில் சொட்டும்; துடைத்துவிட்டு, ஈரம் முதலில் எங்கே தோன்றுகிறது என்று பாருங்கள். ஒன்றும் தெரியாவிட்டால் ஒருவர் தரையின் குறுக்குச் சட்டங்களைக் கையால் அழுத்த, மற்றவர் அடியில் பார்க்கலாம். தகடு அசையும்போது மட்டும் கசியும் ரிவெட்டுகள் அப்போது அகப்படும்.

கே: ஒழுகும் ரிவெட்டுகளை மாற்ற வேண்டுமா, மேலே சீலன்ட் (கசிவை அடைக்கும் பசை) தடவினால் போதாதா?

ப: தடவியது ஒரு பருவம் தாங்கலாம். ஆடும் ரிவெட்டின் மேல் எதைப் பூசினாலும் ரிவெட் ஆடும்போது பூச்சு விரிசல் விடும். முதலில் இறுக்குங்கள். ஒருவர் வெளித்தலையின் மேல் கனமான இரும்புக்கட்டியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் உள்வாலைச் சிறு சுத்தியலால் நாலைந்து தட்டு தட்டினால் பெரும்பாலானவை அடங்கிவிடும். ஓங்கி அடித்தால் தகடு குழிந்து பக்கத்து ரிவெட் இளகும்.

தலை தேய்ந்தது, துளை நீள்வட்டமானது, எத்தனை தட்டினாலும் ஆடுவது ஆகியவற்றை மாற்றுங்கள். தலையின் நடுவில் பஞ்ச் வைத்து, ரிவெட்டின் விட்டத்துக்குச் சமமான டிரில்லால் தலையை மட்டும் துளைத்துவிட்டு, மிச்சத்தைப் பஞ்சால் தள்ளுங்கள். புதிய திட ரிவெட்டின் நீளத்துக்குக் கணக்கு எளிது: தகடுகளின் மொத்தக் கனத்தோடு ரிவெட் விட்டத்தின் ஒன்றரை மடங்கைக் கூட்ட வேண்டும். இரண்டு 1.6 மி.மீ. தகடுகளை 4.8 மி.மீ. ரிவெட் பிடிக்கிறது என்றால் 3.2 + 7.2, அதாவது ஏறத்தாழ 10.5 மி.மீ.

உள்ளே கை போகாத இடத்தில், ஒரு பக்கத்திலிருந்தே நடுக்கம்பியை இழுத்து இறுக்கும் பாப் ரிவெட்தான் கதி. ஆனால் முனை மூடிய வகையே வாங்குங்கள். சாதாரண பாப் ரிவெட்டின் நடுவில் துளை உண்டு; நீர்மட்டத்துக்குக் கீழே அது தண்ணீர்க் குழாய் மாதிரி. அந்த இழுகம்பி சாதா இரும்பாக இருக்கக்கூடாது, உள்ளேயே துருப்பிடித்து ரிவெட்டைத் தின்றுவிடும். 4.8 மி.மீ. ரிவெட்டுக்கு 4.9 மி.மீ. துளை. அடிப்பதற்கு முன் துளையில் 3எம் 5200 அல்லது சிக்காஃபிளெக்ஸ் 291 போன்ற பாலியூரித்தேன் சீலன்டை நிரப்புங்கள். சிலிக்கான் வேண்டவே வேண்டாம். அதன் மேல் பெயின்ட் பிடிக்காது. பின்னாளில் வேறு எதையும் ஒட்டவும் விடாது.

எல்லாம் இறுகிய பிறகு, உள்ளே மடிப்புகளிலும் ரிவெட் வரிசையிலும் குளுவிட் போன்ற இரு கலவை எபாக்ஸியை ஓடவிடலாம். அது கடைசிப் பூச்சு. ரிவெட் வேலைக்கு மாற்று அல்ல.

கே: எஞ்சின் மாட்டும் பின்பலகை உள்ளே மக்கிப்போயிருக்கிறது. எந்தப் பலகை, எத்தனை கனம்?

ப: படகின் மற்ற எந்தப் பாகத்தையும் விட இங்கேதான் அவசரம் கூடாது. எஞ்சினின் எடையும் உந்தலும் முழுவதும் இந்தப் பலகையின் மேல்தான் விழுகின்றன.

பழைய பலகையைத் துண்டு துண்டாக்காமல், முடிந்தவரை முழுசாக எடுங்கள். அதுதான் உங்கள் அச்சு. பொடிந்திருந்தால் அட்டையில் வடிவம் எடுக்கும்போது உயரத்தை மாற்றிவிடாதீர்கள். குட்டைத் தண்டு எஞ்சினுக்குப் பின்பலகை உயரம் சுமார் 38 செ.மீ., நீளத் தண்டுக்கு 51 செ.மீ. இரண்டு விரல் தவறினாலும் ஒன்று விசிறி காற்றை இழுக்கும், அல்லது எஞ்சின் தேவைக்கு மேல் தண்ணீரில் இழுபடும்.

பழையதன் கனத்தையே திரும்பக் கொண்டுவாருங்கள். பல படகுகளில் அது இரண்டு 19 மி.மீ. பலகை சேர்ந்த 38 மி.மீ. கனமாக இருக்கும். மரைன் பிளைவுட் சிறந்தது. வெளிப்புறப் பயன்பாட்டுக்கான, உள்ளே வெற்றிடமில்லாத பிளைவுட்டும் ஆகும். இரண்டு முகங்களிலும் முதலில் வெறும் எபாக்ஸியைத் தடவி மரம் குடிக்க விடுங்கள். பிறகு சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியைப் பரப்பி, ஓரமெல்லாம் பசை பிதுங்கும் அளவுக்குக் கிளாம்ப் போடுங்கள். கிளாம்பை அளவுக்கு மீறி நெரித்தால் பசை முழுவதும் வெளியேறி இணைப்பு வறண்டுவிடும்.

காய்ந்ததும் துளைகளைப் போடுங்கள், ஆனால் நேரடி அளவில் அல்ல. 12 மி.மீ. போல்ட்டுக்கு 19 மி.மீ. துளை போட்டு, கெட்டி எபாக்ஸியால் அடைத்து, மறுநாள் அதன் நடுவில் 13 மி.மீ. துளையுங்கள். போல்ட்டைச் சுற்றி மரமே இராது, எபாக்ஸி வளையம்தான் இருக்கும். பின்பலகை மக்குவது பெரும்பாலும் இந்தத் துளைகள் வழியாகவும், வடிகுழாய்த் துளை வழியாகவும்தான். பிறகு எல்லாப் பக்கமும் மூன்று கோட் எபாக்ஸி. வெட்டுமுனைகளுக்கு இன்னும் ஒன்று, ஏனென்றால் மரம் தண்ணீர் குடிப்பது அங்கேதான். ஒட்டுவதற்கும் பூசுவதற்கும் சேர்த்து ஒன்றரை லிட்டர் எபாக்ஸி கைவசம் இருக்கட்டும்.

போல்ட்டுகள் 316 துருப்பிடிக்காத எஃகு, எல்லாவற்றுக்கும் சீலன்ட். வடிகுழாய் பித்தளை வேண்டாம். அலுமினியம் அல்லது பிளாஸ்டிக் போடுங்கள்.

கே: மருந்தேற்றிய மரத்தைப் போட்டால் மக்காதே?

ப: மரம் மக்காது, படகு மக்கும். அந்த மருந்துகளில் பெரும்பாலும் தாமிரம் இருக்கிறது. ஈரத்தோடு தாமிரம் அலுமினியத்தைத் தொட்டால் ஒரு சிறு மின்கலம் உருவாகி அலுமினியம் கரையும். டிரெய்லரின் தாங்குகட்டைக்கும் இதே விதிதான். அதன் மேல் கம்பளம் சுற்றியிருந்தால் ஈரம் காயாமல் இன்னும் மோசம்.

கே: இருக்கைக்கு அடியில் உள்ள நுரை ஈரமாக இருக்கிறது. காயவைத்துத் திரும்ப வைக்கலாமா? புதிதாக எவ்வளவு வேண்டும்?

ப: 10 செ.மீ. கனசதுரமாக ஒரு துண்டை வெட்டி எடை போடுங்கள். உலர்ந்த நுரை ஒரு லிட்டருக்கு 30 கிராமைச் சுற்றி இருக்கும். உங்கள் துண்டு 100 கிராமைத் தாண்டினால் தண்ணீர் அறைகளுக்குள் புகுந்துவிட்டது. வெயிலில் போட்டால் மேல்தோல்தான் காயும்; தூக்கிப் போடுங்கள். சில படகுகளில் இப்படிப் பத்திருபது கிலோ தண்ணீர் யாருக்கும் தெரியாமல் ஏறியிருக்கும்.

அளவுக்கு ஒரு கணக்கு. அலுமினியம் தண்ணீருக்குள் தன் எடையில் ஏறத்தாழ 63 சதவீதம் கனக்கும். எஞ்சின் சுமார் 75 சதவீதம். படகு 90 கிலோ என்றால் 57, எஞ்சின் 40 கிலோ என்றால் 30, பேட்டரிக்கும் நங்கூரத்துக்கும் 17 என்று வைத்தால் மொத்தம் 104 கிலோ. ஒரு லிட்டர் நுரை 0.96 கிலோவைத் தாங்கும். ஆக 108 லிட்டர், அதுவும் படகு அடியில் போகாமலிருக்க மட்டும். ஆட்கள் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றால் அதைப்போல் ஒன்றரை மடங்காவது வையுங்கள். எப்படியும், எடுத்த அளவுக்குக் குறைவாகத் திரும்ப வைக்காதீர்கள். நுரை முழுவதையும் தரைக்கடியில் திணித்தால் நீர் நிறைந்த படகு கவிழ்ந்து மிதக்கும். இருக்கைக்குள்ளும் பக்கவாட்டில் உயரத்திலும் இருந்தால்தான் நிமிர்ந்து நிற்கும்.

நீலம், இளஞ்சிவப்பு நிறங்களில் வரும் அழுத்திய பாலிஸ்டைரின் பலகைகளை வெட்டி அடுக்குவதே வீட்டுக்கு உகந்தது. பின்னாளில் கழற்றிப் பார்க்கலாம். பெட்ரோல் பட்டால் கரையும் என்பதால் எரிபொருள் டேங்க் பக்கம் வைக்காதீர்கள். ஊற்றும் நுரையை விரும்பினால் சிறு சிறு அளவாக ஊற்றி, ஒவ்வொன்றும் பொங்கி அடங்கியபின் அடுத்ததை ஊற்றுங்கள். மூடிய அறையில் ஒரேயடியாக ஊற்றினால் தகடு புடைத்துவிடும். எதுவானாலும் அடியில் தண்ணீர் அமரத்துக்கு ஓட ஒரு வாய்க்கால் விடுங்கள்.

கே: அடித்தகட்டில் ஒரு விரல் நீள விரிசல். வெல்டிங் வைக்கலாமா? தீச்சுடரில் உருக்கி ஒட்டும் அலுமினியக் குச்சி நல்லதா?

ப: மெல்லிய பழைய தகட்டில் வெல்டிங் கைதேர்ந்தவருக்கே சவால். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், மேலேயுள்ள ஆக்சைடு 2,000 டிகிரியைத் தாண்டித்தான் உருகும். சரியாகச் சுத்தம் செய்யாவிட்டால் உள்ளே உருகி ஓட்டை விழுந்த பிறகுதான் மேலே தெரியும். மடிப்புக்குள் ஊறிய எண்ணெயும் பழைய சீலன்டும் வெல்டைக் குமிழாக்கும். குச்சியால் ஒட்டுவதற்கும் தகட்டைப் பரவலாகச் சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் பக்கத்து ரிவெட்டுகள் இளகும். இரண்டில் எதைச் செய்தாலும் அருகில் நுரை இருக்கக்கூடாது. எரியும் பாலியூரித்தேன் புகை உயிருக்கு ஆபத்து.

வீட்டில் நம்பத் தகுந்தது ரிவெட் ஒட்டு. விரிசலின் இரு முனைகளிலும் 3 மி.மீ. துளை போட்டால் அது மேலே ஓடாது. அதே கனமுள்ள 5052 வகை அலுமினியக் கலவைத் தகட்டை, விரிசலைச் சுற்றி 5 செ.மீ. கூடுதலாக, மூலைகளை வளைத்து வெட்டுங்கள். சீலன்டைத் தாராளமாகப் பரப்பி, இரண்டு வரிசையாக, 20 முதல் 25 மி.மீ. இடைவெளியில் மாற்றி மாற்றி ரிவெட் அடியுங்கள். விளிம்பிலிருந்து துளையின் நடுவுக்கு ரிவெட் விட்டத்தைப்போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும்.

விரிசல் ஒரு குறுக்குச் சட்டத்தின் ஓரத்தில் இருந்தால் சட்டத்தையும் பாருங்கள். அது உடைந்திருப்பதுதான் காரணமாக இருக்கும்.

கே: பெயின்ட் அடித்து ஒரே வருடத்தில் தோல் தோலாக உரிகிறது.

ப: ஆக்சைடின் மேலோ எண்ணெய்ப் பிசுக்கின் மேலோ அடித்திருப்பீர்கள். முதலில் சோப்பு நீர், பிறகு அசிட்டோன் துணி, அதன் பிறகே உரசல். வரிசை மாறினால் உரசும் காகிதம் எண்ணெயைக் கீறலுக்குள் தேய்த்துவிடும். 80, பிறகு 120 நம்பர் காகிதம். சாதா இரும்புக் கம்பித் தூரிகை தொடவே கூடாது. அதன் துகள் தகட்டில் புதைந்து துருப்புள்ளியாகும். காஸ்டிக் சோடா கலந்த பெயின்ட் நீக்கியும் அலுமினியத்தையே கரைக்கும். பழைய பெயின்டில் ஈயமும் குரோமேட்டும் இருக்கலாம், எனவே ஈரமாக உரசி, முகக்கவசம் அணியுங்கள்.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்கத் தண்ணீர் தெளியுங்கள். படலமாகப் பரவினால் சரி, துளித்துளியாகத் திரண்டால் பிசுக்கு இன்னும் இருக்கிறது. உலர்ந்ததும் அன்றைக்கே, முடிந்தால் சில மணி நேரத்துக்குள், பிரைமர் அடியுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட். அதற்கு அடியில் எட்ச் பிரைமரை (தகட்டை லேசாக அரித்துப் பிடிக்கும் பிரைமர்) சேர்க்கலாமா என்பதை டப்பாவில் பாருங்கள். பல எபாக்ஸிகள் அதை ஏற்பதில்லை. வெயிலில் எபாக்ஸி வெளுத்துப் பொடிவதால் மேலே வேறு பெயின்ட் வேண்டும். இரு கலவைப் பாலியூரித்தேனைத் தேர்ந்தால் ரோலரால் அடியுங்கள். அதை ஸ்பிரே செய்தால் காற்றில் மிதக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கேடு, சாதாரண முகக்கவசம் போதாது.

கே: நடு இருக்கையை எடுத்துவிட்டுத் தளம் போடலாமா?

ப: அந்த இருக்கைதான் இரு பக்கங்களும் விரியாமலும் நெருங்காமலும் பிடித்து நிற்கிறது. எடுத்தே ஆக வேண்டுமானால் பக்கத்திலிருந்து பக்கத்துக்கு வேறு தாங்கல் கொடுத்த பிறகு எடுங்கள். உயரத் தளம் எடைமையத்தை மேலேற்றும். நின்று தூண்டில் வீசுபவர் இருந்தால் இன்னும் ஏறும்.

கே: மின்சார வேலையில் எதைக் கவனிக்க வேண்டும்?

ப: காரில் செய்வதுபோல் படகின் உடலை எர்த்தாக்காதீர்கள். ஒவ்வொரு விளக்குக்கும் பம்புக்கும் தனித்தனியாக இரண்டு வயர், வெள்ளீயம் பூசிய தாமிர வயராக இருக்கட்டும். பேட்டரியிலிருந்து 18 செ.மீ.க்குள் ஃபியூஸ் வையுங்கள். உடலில் மின்கசிவு இருந்தால் வருடக்கணக்கில் ஆகும் அரிப்பு மிகச் சீக்கிரம் முடிந்துவிடும்.

கே: கடலிலும் ஆற்றிலும் ஓட்டுகிறேன். துத்தநாகக் கட்டி போதுமா? அடியில் பாசி பிடிக்காத பெயின்ட்?

ப: இந்தக் கட்டி படகுக்குப் பதிலாகத் தான் அரிபட்டுத் தகட்டைக் காப்பது. துத்தநாகம் உப்பு நீருக்குச் சரி, நன்னீரில் மேலே படலம் கட்டி வேலை நிறுத்தும். இரண்டிலும் போகிறவருக்கு அலுமினியக் காப்புக்கட்டி பொருத்தம். மெக்னீசியம் நன்னீருக்கு மட்டும். கட்டியின் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள்.

பாசித்தடுப்புப் பெயின்டில் தாமிர ஆக்சைடு வகையை அலுமினியத்தில் தொடாதீர்கள். அலுமினியத்துக்கு ஏற்றது என்று டப்பாவிலேயே எழுதியிருப்பதை வாங்குங்கள். ஓட்டி முடித்ததும் படகைக் கரையேற்றிவிடுபவருக்கு அந்தப் பெயின்டே தேவையில்லை. அதைவிட, தூண்டில் ஈயக்குண்டும் சில்லறைக் காசும் அடித்தகட்டில் விழுந்து கிடக்காமல் பொறுக்கி எடுப்பது பயன் தரும். ஈரத்தில் கிடந்தால் அவை ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குழி உருவாகும்.