அரசு கருத்துக் கேட்டால் என்ன எழுதுவது, எங்கே கொடுப்பது? – கேள்வி பதில்

மணலியிலும் அம்பத்தூரிலும் 26 வருடம் சேஃப்டி ஆபீசராக வேலை பார்த்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு, உடல்நலம், பாதுகாப்பு சம்பந்தமாக அரசு எந்த வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டாலும், உட்கார்ந்து படித்துப் பதில் எழுதி அனுப்பி வருகிறேன். அதைப் பற்றி நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததை விரிவாகச் சொல்கிறேன். என் துறையில் இல்லாததற்கு எங்கே போக வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். தொடங்கும் முன்பே ஒன்று: எந்த அலுவலகத்தில் எதைக் கொடுத்தாலும், உங்கள் நகலில் தேதியோடு சீல் போட்டு வாங்குங்கள்.

கேள்வி (கொளத்தூர்): மேடம், கருத்துக் கேட்பதெல்லாம் வெறும் கண்துடைப்புதானே? யாராவது படிக்கிறார்களா?

சட்டப்படி கேட்டே ஆக வேண்டிய இடம் எது, மனமிருந்தால் கேட்கும் இடம் எது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். பல சட்டங்கள், அவற்றின் கீழ் விதி போடும் முன் வரைவை வெளியிட வேண்டும் என்கின்றன. 1897-ஆம் ஆண்டின் பொது உட்கூறுகள் சட்டம் (ஜெனரல் கிளாஸஸ் ஆக்ட்), பிரிவு 23, அதற்கான முறையைச் சொல்கிறது: வரைவை வெளியிட வேண்டும், தேதி குறிப்பிட வேண்டும், அந்தத் தேதிக்குள் வந்த ஆட்சேபனைகளையும் யோசனைகளையும் பரிசீலிக்க வேண்டும். பைக்கில் பின்னால் உட்காரும் 4 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஹெல்மெட், பாதுகாப்புப் பட்டை, 40 கிலோமீட்டர் வேக வரம்பு என்ற விதி அப்படித்தான் வந்தது. வரைவு 2021 அக்டோபரில், இறுதி விதி 2022 பிப்ரவரி 15-இல், நடைமுறை அதற்கு ஒரு வருடம் கழித்து.

சட்ட மசோதா என்றால் நிலைமை வேறு. வரைவைக் குறைந்தது 30 நாள் பொதுவில் வைக்க வேண்டும் என்று 2014-இல் ஒரு கொள்கை வந்தது. ஆனால் அது மத்திய அமைச்சகங்களுக்கானது, சட்டமும் இல்லை. மாநில அரசை அது கட்டாது. 2023 ஏப்ரல் 21-இல் 12 மணி நேர வேலைக்கு வழி விடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது ஞாபகம் இருக்கும். தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்து, மே 1 அன்று அது திரும்பப் பெறப்பட்டது. எட்டு மணி நேரத்துக்கு மேல் மெஷின் முன்னால் நிற்பவரின் கை எந்த நேரத்தில் தடுமாறும் என்று தொழிலாளிகளைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால், அந்தப் பத்து நாள் கொந்தளிப்பே இருந்திருக்காது. இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

கேள்வி (அயனாவரம்): நான் ஐடிஐ படித்தவன். 40 பக்க வரைவைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. எங்கே ஆரம்பிப்பது?

வினைமுற்றில் ஆரம்பியுங்கள் தம்பி. ‘முதலுதவிப் பெட்டி வைக்க வேண்டும்’ என்பதற்கும் ‘வைக்கலாம்’ என்பதற்கும் நடுவில் ஒரு ஆளின் விரல் இருக்கிறது. பழைய விதியையும் புதிய வரைவையும் பக்கத்துப் பக்கமாக வைத்து, எங்கெல்லாம் ‘வேண்டும்’ என்பது ‘லாம்’ ஆகியிருக்கிறதோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். அடுத்து எண்கள்: எத்தனை தொழிலாளிகளுக்கு மேல், எத்தனை நாளுக்குள், எத்தனை மீட்டர் தள்ளி. 20 என்பது 40 ஆனால் எத்தனை பட்டறைகள் விதிக்கு வெளியே போய்விடும் என்று அயனாவரத்தில் இருக்கும் உங்களுக்குத்தான் தெரியும், தலைமைச் செயலகத்தில் இருப்பவருக்குத் தெரியாது.

எழுதும்போது பிரிவு எண், அதில் இருக்கும் வாசகம், நீங்கள் கேட்கும் வாசகம், காரணம். இந்த நான்கும் போதும். காரணத்தில் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். ‘இது மக்கள் விரோதம்’ என்று மட்டும் எழுதினால் அதை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று அதிகாரிக்குப் புரியாது. ‘பிரிவு 6, எங்கள் பட்டறையில் பிரஸ் மெஷின் பக்கம் வெளிச்சம் போதாது, இரவு ஷிஃப்டில் இரண்டு பேருக்குக் கையில் அடி’ என்று எழுதினால் அதை ஒதுக்குவது கஷ்டம்.

கேள்வி (திருவல்லிக்கேணி): தமிழில் எழுதினால் டெல்லியில் ஏற்பார்களா?

ஏற்க வேண்டும். அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு, மத்திய, மாநில அதிகாரிகள் யாருக்கும் நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் குறை தீர்க்கக் கோரி மனுக் கொடுக்கும் உரிமையைத் தருகிறது. 2020-இல் ஆலை போன்ற திட்டங்களுக்கு அனுமதி தரும் முறையைச் சொல்லும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வந்தது. அதை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளிலும் தர வேண்டும் என்று அந்த வருடம் ஜூன் 30-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. கருத்துச் சொல்லும் காலமும் ஆகஸ்ட் 11 வரை நீண்டது. அதனால் கூச்சப்படாமல் தமிழில் எழுதுங்கள். முடிந்தால் நான்கு வரி ஆங்கிலச் சுருக்கம் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி (மயிலாப்பூர், மருந்துக்கடை வைத்திருப்பவர்): ஆன்லைன் மருந்து விற்பனைக்கு வரைவு விதி வந்தது. அதற்கு எழுதினோம். என்ன ஆயிற்று?

நல்ல கேள்வி ஐயா. வரைவு 2018 ஆகஸ்ட் 28-இல் வந்தது. அதே வருடம் டிசம்பர் 17-இல் நம் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி, விதிகள் வரும்வரை ஆன்லைன் மருந்து விற்பனைக்குத் தடை போட்டார். 2019 ஜனவரி 2-இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்தி வைத்தது. வரைவோ இறுதி வடிவம் பெறாமலே ஆண்டுகள் ஓடின. இப்படி ஆகும்போது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள்: எத்தனை கருத்துகள் வந்தன, அவற்றைத் தொகுத்த அட்டவணையின் நகல், கோப்பு யார் மேஜையில் இருக்கிறது. 30 நாளில் பதில் தர வேண்டும். உங்கள் கடிதம் வந்து சேர்ந்ததா என்று கேட்கும்போதுதான் சீல் போட்ட நகலின் அருமை தெரியும். தபாலில் அனுப்பினால் ஸ்பீடு போஸ்ட் ரசீது. சாதாரணத் தபால் வேண்டாம்.

கேள்வி (வேளச்சேரி): தெருநாய்த் தொல்லைக்கு எங்கே கருத்துச் சொல்வது?

இது புகார். மாநகராட்சி எண் 1913-க்குக் கூப்பிடுங்கள், புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

கேள்வி (முகப்பேர்): பாக்கெட் தின்பண்டங்களில் முன்பக்கம் எச்சரிக்கை போடும் விதி என்ன ஆயிற்று? என் மகளுக்கு 14 வயதிலேயே சர்க்கரை எல்லைக் கோட்டில் இருக்கிறது.

குழந்தையை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா. 2022 செப்டம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு வரைவு வெளியிட்டது. அரை நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பெண் போடும் முறை அது. நானும் எழுதினேன். பிஸ்கட் பாக்கெட்டில் இரண்டு நட்சத்திரம் இருந்தால், நம் மளிகைக் கடையில் அதைப் பார்க்கிறவர் பாராட்டு என்றுதான் நினைப்பார். ஓட்டலுக்கும் நட்சத்திரம், பள்ளிக்கூட நோட்டிலும் நட்சத்திரம். ‘சர்க்கரை அதிகம்’ என்று தமிழில் கறுப்புக் கட்டத்தில் போட்டால் எட்டாவது படிக்கும் பிள்ளைக்குக்கூடப் புரியும். சுமார் 14,000 கருத்துகள் வந்ததாக 2025-இல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னார்கள். அடுத்த வரைவு வரும்போது, மகளின் ரத்தப் பரிசோதனை விவரத்தையும் அவள் வாரம் வாங்கும் பாக்கெட்டுகளையும் பெயர் இல்லாமல் எழுதி அனுப்புங்கள். நூறு ஆராய்ச்சிக் கட்டுரை சொல்லாததை அது சொல்லும்.

கேள்வி (பெரும்பாக்கம்): எங்கள் ஏரிக்கரையில் 14 மாடிக் குடியிருப்பு வருகிறது. கருத்துக் கேட்புக் கூட்டம் எப்போது?

கூட்டம் கிடையாது. 2006-இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கலந்தாய்விலிருந்து விலக்கு இருக்கிறது. சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படும் அளவு என்றால் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பத்தைத் தேடுங்கள், அந்த அனுமதியைத் தரும் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு எழுதுங்கள். சீல்.

கேள்வி (எண்ணூர்): அக்கா, நீங்கள் சொல்வது எதுவும் எங்களுக்கு உதவாது. ஆலைகளுக்கான கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நாங்கள் போனால் ‘மக்கள் கலந்துகொண்டார்கள்’ என்று எழுதி அனுமதி வாங்கிவிடுகிறார்கள். புறக்கணிப்புதான் சரி.

தம்பி, உன் கோபம் எனக்குப் புரிகிறது. 2023 டிசம்பர் 26 இரவு அமோனியா கசிந்து, பெரியகுப்பத்து ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவில் ஓடியது உன் ஊரில்தான். ஆனால் விதியைப் படி. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை கிடையாது. நீங்கள் யாருமே வராவிட்டாலும் கூட்டம் செல்லும். உங்கள் பேச்சுதான் பதிவாகாது.

(அதே நண்பர்): அப்படியென்றால் கூட்டத்தையே நடக்க விடாமல் செய்கிறோம்.

அது இன்னும் ஆபத்து. உள்ளூர்ச் சூழல் சரியில்லை, மக்கள் சுதந்திரமாகப் பேச முடியாது என்று அறிக்கை போனால், கூட்டமே இல்லாமல் முடிவெடுக்க அறிவிக்கை வழி தருகிறது. நாற்காலியை உடைத்தால் அந்தக் கதவை நீங்களே திறந்துவிடுவீர்கள்.

(காசிமேடு): மேடம் சொல்வதை ஏற்க முடியவில்லை. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு 2021 ஜனவரி 22-இல் கூட்டம் என்றார்கள், தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5 என்றார்கள், அதுவும் நடக்கவில்லை. எதிர்ப்புக்குப் பலன் இல்லையா?

இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே மீனவ கிராமங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. கூட்டத்துக்கு முன்பே மனு, போராட்டம், சதுப்புநிலக் கணக்கு என்று தயாராக நின்றார்கள். கூட்டத்துக்கு முன் எழும் எதிர்ப்பு பலம். கூட்டம் நடக்கும் நாளில் வராமல் இருப்பது பலம் இல்லை.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். வடசென்னையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். ஆலையின் பெயர் வேண்டாம். மீன் விற்கும் ஒரு அம்மா மேடைக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் துணிப்பை. அதற்குள் அவர் மகனின் பள்ளிக்கூட லீவ் லெட்டர்கள், வகுப்பு ஆசிரியர் கையெழுத்தோடு. ‘மூச்சிரைப்பு’, ‘மூச்சிரைப்பு, ஆஸ்பத்திரி’ என்று ஒவ்வொன்றாகத் தேதி சொல்லிப் படித்தார். பன்னிரண்டாவது கடிதத்தில் மண்டபம் அமைதியாகிவிட்டது. மொத்தம் 31. கூடுதல் கலெக்டர் நகல்களை வாங்கி இணைக்கச் சொன்னார். வீடியோவில் அது இருக்கிறது. கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது. மக்கள் எழுப்பிய பிரச்சினைகளுக்கு விண்ணப்பதாரர் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும் என்பதால் அவர்களும் சொல்லியாக வேண்டியிருந்தது. ஆலை வரவே செய்தது. ஆனால் பள்ளிக்கூடத்துப் பக்கம் காற்றின் தரத்தை அளக்கும் கருவி வைக்க வேண்டும் என்பது அனுமதி நிபந்தனையில் சேர்ந்தது. இன்று அந்த ஊர்க்காரர்கள் புகார் எழுதுவது அந்த அளவீட்டை வைத்துத்தான்.

(எண்ணூர்): ஆலை வந்துவிட்டதே, அக்கா.

வந்துவிட்டது. கேட்பதுதான் கட்டாயம், நாம் சொன்னபடி செய்வது கட்டாயம் இல்லை. அது எனக்கும் வலிக்கிறது. ஆனால் அனுமதியை எதிர்த்து சேப்பாக்கம் கலச மஹாலில் இருக்கும் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு 30 நாளில் மேல்முறையீடு போகலாம். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் வரை அவர்கள் அனுமதிக்கலாம். அங்கே ‘நாங்கள் சொன்னோம், பரிசீலிக்கவில்லை’ என்று வாதாட, சொன்னது பதிவில் இருக்க வேண்டும்.

கேள்வி (தாம்பரம்): கடைசித் தேதி நேற்றோடு முடிந்தது. இன்று அனுப்பலாமா?

அனுப்புங்கள். பரிசீலிக்க வேண்டிய கடமை தேதிக்குள் வந்ததற்குத்தான். கடைசி வாரத்துக்கு எதையும் வைக்காதீர்கள்.

கேள்வி (அடையாறு): ஒரே கடிதத்தை ஆயிரம் பேர் அனுப்பினால் பலம்தானே?

எதிர்ப்பின் அளவு தெரியும். விஷயம் ஒன்றுதான் என்பதால் தொகுப்பில் ஒரே வரியாகப் போகும் என்பது என் கருத்து. ஆயிரத்தில் பத்துப் பேராவது சொந்தமாக ஒரு பத்தி சேருங்கள்.

கேள்வி (போரூர்): தமிழில் எழுதலாமா?

மேலே சொல்லியிருக்கிறேன். பிரிவு 350.

கேள்வி (ஆவடி): கடைசித் தேதி போய்விட்டது...

தாம்பரத்துக்காரருக்குச் சொன்னதுதான்.

கேள்வி (குரோம்பேட்டை): மின் கட்டண உயர்வுக்கு?

மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு எழுதுங்கள். என் துறை இல்லை.

(எண்ணூர்): அக்கா, சரி. எங்கள் கூட்டம் அடுத்த மாதம். ஆலையின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை எங்கே கிடைக்கும்? என்ன பார்க்க வேண்டும்?

கலெக்டர் அலுவலகத்தில், மாநகராட்சி அலுவலகத்தில், மாவட்டத் தொழில் மையத்தில் பார்வைக்கு வைத்திருக்க வேண்டும். தமிழ்ச் சுருக்கமும் இருக்கும். பத்திரிகை அறிவிப்புக்கும் கூட்டத்துக்கும் இடையே 30 நாள் இருக்கிறதா என்று முதலில் எண்ணு. இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் படிக்க, ஒருவர் எழுத. காற்றின் தரத்தை எந்த மாதங்களில் அளந்தார்கள் என்று பார். கருவிகளை எங்கே வைத்தார்கள் என்ற வரைபடத்தை உன் தெருவோடு ஒப்பிடு. மதியம் கடல் காற்று ஊருக்குள் அடிக்கும், விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். கருவி ஆலைக்குக் கிழக்கே மட்டும் இருந்தால், மதியம் உங்கள் வீட்டுக்குள் வருவது அதில் பதிவாகாது. அதைத்தான் கூட்டத்தில் கேட்க வேண்டும்.

உங்கள் தெருவில் மூச்சிரைப்பு உள்ள பிள்ளைகளின் மருந்துச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி வையுங்கள். பெற்றோர் சம்மதத்தோடு மட்டும், பிள்ளையின் பெயரை மறைத்து நகல் எடுங்கள். கடிதத்தை எழுதியதும் கொண்டு வா, சேர்ந்து பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில்தான் இருப்பேன்.