மொட்டை மாடியிலிருந்து தெரியும் கோபுரம்: 18 மீட்டர் கட்டடம் மறைத்துவிடுமா?

கேள்வி: மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலுக்குத் தெற்கே சுமார் 1,200 மீட்டரில் எங்கள் வீடு. மொட்டை மாடியில் நின்றால் தெற்குக் கோபுரம் முழுசாகத் தெரியும். எங்களுக்கும் கோயிலுக்கும் நடுவே, 150 மீட்டர் தள்ளி, 18 மீட்டர் உயரத்தில் ஓர் அடுக்குமாடி வருகிறது. கோபுரம் மறைந்துவிடுமா?

பதில்: மறைந்துவிடும். கோயிலைச் சுற்றி 1 கி.மீ.க்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது. இந்த மனை அந்த எல்லையைக் கொஞ்சம் தாண்டிவிட்டது. 18.30 மீட்டருக்குள் நிறுத்துவதால் உயர்மாடிக் கட்டடத்துக்கான கெடுபிடிகளும் இல்லை.

எவ்வளவு மறையும் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். கட்டட உயரத்தில் உங்கள் கண் மட்டத்தைக் கழியுங்கள். மீதியைக் கட்டடம்வரையுள்ள தூரத்தால் வகுத்து, கோபுரம்வரையுள்ள தூரத்தால் பெருக்கி, கண் மட்டத்தைத் திரும்பக் கூட்டுங்கள். தரை சமமென்றும், மாடியில் நிற்கும் உங்கள் கண் மட்டம் 11 மீட்டர் என்றும் கொண்டால், 18 மீட்டர் கட்டடம் அங்கே 67 மீட்டர்வரை மறைக்கும். கோபுரமோ 170 அடி, அதாவது 52 மீட்டர்தான்.

13 மீட்டரோடு நிறுத்தினால்? 27 மீட்டர்வரை மறையும். மேல் பாதி கலசத்தோடு மிஞ்சும். ஆனால் அதன் மேல் 3 மீட்டரில் தண்ணீர்த் தொட்டி வந்தால், அந்த அகலத்துக்கு 51 மீட்டர்வரை போய்விடும்! தொட்டி, லிஃப்ட் அறை, படிக்கட்டுத் தலைப்பு ஆகியவை விதிப்படியான உயரத்தில் பொதுவாகச் சேராது. அதனால் வரைபடத்தில் எழுதிய உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம். மொட்டை மாடி வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள்.

நேரில் பார்க்க வேண்டுமென்றால், மனைக்காரர் சம்மதத்தோடு, காற்றில்லாத விடிகாலையில் கட்டடம் வரப்போகும் உயரத்துக்கு ஹீலியம் பலூனை நைலான் கயிற்றில் கட்டி விடுங்கள். கயிற்றில் 3 மீட்டருக்கு ஒரு ரிப்பன். கயிறு சாய்ந்தால் உயரம் குறைந்து காட்டும், அந்த அளவு செல்லாது. அதை ஃபோனின் அகலக் கோணத்தில் படம் எடுக்காதீர்கள், கோபுரம் தீக்குச்சியாகிவிடும். இரண்டு மடங்கு ஜூம் சரி.

சொந்த வீட்டு மாடிக் காட்சியைச் சட்டப்படி உரிமையாகக் கேட்பது கடினம். பொதுத் தெருவிலிருந்து தெரியும் காட்சியும் போகிறதென்றால், அங்கிருந்து எடுத்த படங்களை வைத்துத் திட்ட அனுமதி தரும் அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். (தெருவில் நிற்பவருக்கு 150 மீட்டரில் 8 மீட்டர் மாடி வீடே போதும், கோபுரம் மறைய. அங்கே காட்சியைக் காப்பது தெருவின் நேர்க்கோடுதான்.)

கோபுரத்துக்குப் பின்புறம் எழும் கட்டடங்களும் கவனிக்க வேண்டியவையே. லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்துக்காக 1937 முதல் உயரக் கட்டுப்பாடு உண்டு. அப்படியும் 2016இல், ரிச்மண்ட் பூங்காவிலிருந்து பார்த்தால் அதன் குவிமாடத்துக்குப் பின்னால், பல கி.மீ. தள்ளியுள்ள ஸ்ட்ராட்ஃபோர்டின் உயர் கட்டடம் முளைத்து நின்றது.

உங்கள் விஷயத்தில் கட்டுநரிடம் இப்போதே பேசுங்கள். தளத்தைக் குறைக்கச் சொன்னால் கேட்க மாட்டார். தொட்டியையும் லிஃப்ட் அறையையும் உங்கள் பார்வைக் கோட்டிலிருந்து விலக்கி ஒரு மூலையில் வைப்பதும், மேல் தளங்களை அந்தப் பக்கம் உள்வாங்கிக் கட்டுவதும் அஸ்திவாரம் போடுவதற்கு முன்னால் என்றால் நடக்கக்கூடியவை. தூண் எழுந்த பிறகு கேட்டால் பயனில்லை.