சமூக ஊடகங்கள் வந்த பிறகு பத்திரிகையாளரின் வேலை எப்படி மாறியிருக்கிறது?

திருப்பூரில் ஒரு தமிழ் நாளிதழுக்கு 17 ஆண்டுகளாக நிருபராக இருக்கிறேன். கண்ணால் பார்த்ததை வைத்தே பதில் சொல்கிறேன்.

சேர்ந்த புதிதில் காலையில் முதல் வேலை, அரசு மருத்துவமனை புறக்காவல் நிலையத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் போன் போடுவது. கிடைத்த தகவலை இரவு பக்கம் முடிவதற்குள் நாலு பேரிடம் கேட்டுச் சரிபார்த்துவிடலாம். இன்று நான் போனை எடுப்பதற்குள் விபத்தின் வீடியோவே வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. 2015 சென்னை வெள்ளத்தில் ஊழியர்கள் மறைமலை நகர் அச்சகத்துக்குப் போய்ச்சேர முடியாததால் டிசம்பர் 2 அன்று ‘தி இந்து’ சென்னையில் அச்சாகவில்லை. 1878-இல் தொடங்கிய பத்திரிகைக்கு அப்படி நேர்ந்தது அதுவே முதல்முறை. எந்தத் தெருவுக்குப் படகு வேண்டும், எங்கே சாப்பாடு கிடைக்கும், யார் வீட்டு மாடியில் தங்கலாம் என்பதை அந்த நாட்களில் ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும்தான் ஜனங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். எங்கள் ஊரிலும், மழை இரவில் நொய்யலில் சாயக்கழிவைத் திறந்துவிட்டால் கரையோரம் குடியிருப்பவர் படம் எடுத்துப் போட்டுவிடுகிறார். நிருபர் எட்டிப் பார்க்காத இடத்திலிருந்தெல்லாம் செய்தி வருகிறது.

ஆனால் அந்த வேகத்தை எங்கள் தலையிலும் ஏற்றிவிட்டார்கள். என் ஆதங்கம் அதுதான்.

2023 மார்ச் முதல் வாரம். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வடமாநிலங்களில் வீடியோக்கள் பரவின. பனியன் கம்பெனிகளில் வடமாநிலத்தவர் நிறைந்திருக்கும் ஊர் இது. அடிதடி என்றால் மருத்துவமனையின் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் பதிவு இருக்கும். கேட்டேன், இல்லை. ஸ்டேஷன்களிலும் புகார் இல்லை. இதற்கே அரை நாள் ஓடிவிட்டது. அதற்குள் அலுவலகத்தில் செய்தியைத் தொகுக்கும் டெஸ்க்கிலிருந்து மூன்று போன்: “எல்லா சேனல்லயும் ஓடுது, நம்மகிட்ட மட்டும் இல்லையேங்க!”

சாயங்காலம் ரயில் நிலையம் போனேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு தையல் தொழிலாளி டீக்கடை ஓரம் நின்றிருந்தார். தமிழ் ஓரளவு வரும்.

“உங்கள யாராவது அடிச்சாங்களா தம்பி?”

“இல்ல சார்.”

“அடிபட்டவங்க யாரையாவது தெரியுமா?”

“இல்ல சார். அம்மா போன்ல அழுது. வா, வா சொல்லுது.”

போனை நீட்டி அந்த வீடியோவைக் காட்டினார். ஊரில் இருந்து அவருடைய அண்ணன் அனுப்பியது. இங்கே நடந்ததாகச் சொல்லப்பட்ட ஒன்று பீகாருக்குப் போய், அங்கிருந்து இவரிடம் வந்திருக்கிறது. நான்கு ஆண்டுகளாகத் தான் நடமாடும் தெருவை நம்பாமல், கையிலிருந்த அந்தச் சின்னத் திரையை நம்பி அவர் கிளம்பிவிட்டார்.

பரவியவற்றில் ஒன்று பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்குள் நடந்த தகராறு என்று அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு விளக்கினார். பீகார் அரசின் குழு நேரில் வந்து விசாரித்தது. வதந்தி பரப்பியதாக வழக்குகள் பதிவாயின. இந்தி நாளிதழ் ஒன்றின் ஆசிரியர் மீதும் வழக்கு. முகம் தெரியாத யாரோ போட்ட பதிவைச் சரிபார்க்க வேண்டிய பத்திரிகையே அதைத் தலைப்பாக்கினால் ஜனங்கள் வேறு எங்கே போய்க் கேட்பார்கள்?

அன்று நான் அனுப்பிய செய்தி, யாரும் தாக்கப்படவில்லை, பயம்தான் விரட்டுகிறது என்பது. உள்பக்கத்தில் ஒற்றைப் பத்தியாக வந்தது. ரயில் நிலையக் கூட்டத்தின் படத்தை மட்டும் எடுத்து, ‘அலறியடித்து ஓட்டம்’ என்று தம்ப்நெயில் வைத்து யூட்யூபில் ஏற்றினார்கள். சண்டை போட்டேன். வியூஸ் கணக்கைக் காட்டினார்கள். விளம்பர வருமானம் அங்கே போய்விட்டது என்பது எனக்கும் தெரியும். அதற்காக இதை ஏற்க என்னால் முடியவில்லை.

முன்பெல்லாம் என்ன நடந்தது என்று தேடிப் போவேன். இப்போது என் நேரம் பாதிக்கு மேல், நடந்ததாக வருவது நடந்ததா என்று பார்ப்பதில் போகிறது. வீடியோவில் கடைப் பலகை எந்த மொழியில் இருக்கிறது, வண்டி நம்பர் எந்த மாநிலம், அன்று மழை பெய்ததா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இந்த வேலைக்கு வியூஸ் கிடையாது. இருந்தாலும் நிருபரிடம் மிஞ்சியிருக்கும் தொழில் இதுதான் என்று நம்புகிறேன்.

அந்தத் தொழிலாளி ஹோலி முடிந்து திரும்பி வந்துவிட்டார். கிளம்பும்போது என் நம்பரை வாங்கி வைத்திருந்தார். சந்தேகமாக எது வந்தாலும் எனக்கு அனுப்பி “சார், இது நிஜமா?” என்று கேட்கிறார். போன வாரமும் ஒன்று வந்தது. விசாரித்துப் பதில் சொல்ல இரண்டு மணி நேரம் ஆனது. அதுவரை அதை யாருக்கும் அனுப்பாமல் வைத்திருந்ததாகச் சொன்னார்.