கடன் வாங்கித் தசமபாகம் கொடுக்கலாமா?

கேள்வி: என் சம்பளம் 32,000 ரூபாய். பி.எஃப். முதலிய பிடித்தம் போகக் கைக்கு வருவது 27,500. வாடகையும் நகைக்கடன் வட்டியும் கட்டினால் கொஞ்சம்தான் மிஞ்சும். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தை எந்தத் தொகைக்குக் கணக்கிடுவது? ஜெபக்கூட்டத்துக்கு வந்த ஓர் ஊழியர், “கடன் வாங்கியாவது கொடுங்கள், நூறு மடங்காகத் திரும்பி வரும்” என்கிறார். (வாசகி, திண்டுக்கல்)

பதில்: கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள், சகோதரி. அப்படிக் கொடுக்கச் சொல்லும் கட்டளை வேதத்தில் எங்கும் இல்லை. லேவியராகமம் 27-ல் தசமபாகம் நிலத்தின் விளைச்சலுக்கும் மந்தைக்கும் உரியது. விளையாத வயலுக்கு யாரும் அளந்து கொடுக்கவில்லை. அப்போஸ்தலன் பவுலும் ஒருவனுக்கு “இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே” அங்கிகரிக்கப்படும் என்கிறார் (2 கொரிந்தியர் 8:12). அடகுக் கடையில் வாங்கிய பணம் உங்களுக்கு உள்ளதல்ல. கொடுத்ததற்கு மடங்கு கணக்குப் பார்க்கச் சொல்லுவது காணிக்கையை வியாபாரமாக்குவது.

அதற்காகக் கடன் தீரும்வரை ஒன்றும் வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். தசமபாகத்தைக் கொண்டுவந்து சேர்க்கும்படி மல்கியா 3:10 சொல்லும் பண்டசாலை, அதாவது ஆலயக் களஞ்சியம், வெறும் உவமை அல்ல. தசமபாகம் வந்து சேராததால் ஆலயப் பணி செய்த லேவியர் பிழைப்புக்காகத் தங்கள் வயல்களுக்கு ஓடிப்போனதை நெகேமியா 13-ல் படிக்கலாம். மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தில் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் சாப்பிட்டார்கள் (உபாகமம் 14). நாம் கொடுக்காவிட்டால் யாரோ ஒருவரின் இலை காலியாக இருக்கும்.

எந்தத் தொகைக்கு என்று வேதம் வரையறுக்கவில்லை. கைக்கு வருவதை வைத்துக்கொண்டால் பத்தில் ஒரு பங்கு 2,750. பி.எஃப். உங்கள் சேமிப்புதான்; அது கைக்கு வரும் நாளில் அதிலிருந்தும் எடுத்து வையுங்கள்.

இப்போது 2,750 முடியாதென்றால் 1,000-த்தில் தொடங்குங்கள். சம்பளம் வந்த அன்றே, வாடகைக்கும் முன்பாக, தனி உறையில் வையுங்கள். ‘தன்னிடத்திலே சேர்த்துவைக்க’ வேண்டும் என்று 1 கொரிந்தியர் 16:2 சொல்வது இதைத்தான். மாதக் கடைசியில் பார்க்கலாம் என்று விடுகிற வீடுகளில் உறை காலியாகவே இருக்கிறது. நகை மீண்டதும் வட்டிக்குப் போய்க்கொண்டிருந்த தொகையை அப்படியே காணிக்கையோடு சேருங்கள். அந்தப் பணம் இல்லாமல் குடும்பம் நடத்த ஏற்கெனவே பழகியிருப்பீர்கள். பத்தில் ஒன்றை எட்டிய பிறகும் அங்கே நிற்க வேண்டியதில்லை. வீட்டில் கலந்து பேசித் தொகையை முடிவு செய்யுங்கள். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் கொடுப்பதில்தான் பல குடும்பங்களில் சண்டை மூள்கிறது. கூட்டத்தின் உருக்கத்தில் மேடையில் தொகை சொல்லிப் பொருத்தனை பண்ணவும் வேண்டாம். நேர்ந்துகொண்டு செய்யாமற்போவதைவிட நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம் என்கிறது பிரசங்கி 5:5.

யாரிடம் கொடுப்பது? உங்கள் சபையின் கணக்கில் செலுத்தி ரசீது வாங்குங்கள். பண்டசாலையை ஒருவர் கையில் மட்டும் விடாமல் ஓர் ஆசாரியன், ஒரு வேதபாரகன், ஒரு லேவியன், துணைக்கு இன்னொருவர் என்று நாலு பேரை வைத்தார் யூதேயாவின் ஆளுநராயிருந்த நெகேமியா. எருசலேம் ஏழைகளுக்கான தர்மப்பணத்தைப் பவுலும் தனியாக எடுத்துச் செல்லவில்லை. யாரும் குறைசொல்லாதபடி சகோதரரைக் கூட்டிப் போனார் (2 கொரிந்தியர் 8:20). காணிக்கைப் பையை இருவராவது சேர்ந்து எண்ணிக் கையெழுத்திடுகிறார்களா, வரவுசெலவு ஆண்டுக்கு ஒருமுறையாவது சபைக்கு வாசிக்கப்படுகிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்த ஊழியர் தமது சொந்த ஜிபே எண்ணை மட்டும் கொடுத்தால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.