அட்டையில் ஹெல்மெட் செய்ய: வெளியே இருந்து தொடங்காதீர்கள்

கேள்வி: என் மகளுக்கு 10 வயது. நாடகத்தில் விண்வெளிப் படைவீரர் வேடம், முகத்தையும் மூடுகிற ஹெல்மெட் வேண்டும். பலூன் மேல் செய்தித்தாளை ஒட்டிக் காயவைத்துச் செய்து பார்த்தேன். முதலில் செய்தது தலைக்குள் போகவே இல்லை. அடுத்ததைப் பெரிதாகச் செய்தேன், அது போகிறது, ஆனால் அவள் திரும்பினால் தலை மட்டும் திரும்புகிறது, ஹெல்மெட் அப்படியே நிற்கிறது. அட்டைப் பெட்டி, செய்தித்தாள், வெள்ளைப் பசை, பழைய யோகா பாய் எல்லாம் வீட்டில் இருக்கின்றன. இவற்றை வைத்தே செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். பொருளில் குறையே இல்லை, பலூனை மட்டும் விட்டுவிடுங்கள். பலூன் உருண்டை, தலை உருண்டை இல்லை. பெரியவர்களுக்கு நெற்றியிலிருந்து பின்மண்டை வரை சுமார் 19 செ.மீ. இருந்தால் காதுக்குக் காது 15 செ.மீ.தான் இருக்கும், குழந்தைகளுக்கும் கிட்டத்தட்ட இதே வாகுதான். அதனால் உருண்டையான ஓடு முன்னும் பின்னும் இடிக்கும், பக்கவாட்டில் தொளதொளவென்று நிற்கும். இறுக்கம் போகட்டும் என்று பெரிதாக்கினால் எங்கேயும் பிடிமானம் இல்லாமல் சுற்ற ஆரம்பிக்கும். உங்களுக்கு நடந்தது அதேதான்.

கட்டட வேலைக்குப் போடும் ஹெல்மெட் எங்காவது கிடைத்தால் கவிழ்த்துப் பாருங்கள். தலையைப் பிடிப்பது உள்ளே இருக்கும் பட்டை, வெளி ஓட்டை அந்தப் பட்டை தாங்குகிறது, அவ்வளவுதான். வேட ஹெல்மெட்டையும் இப்படி இரண்டு பொருளாக நினைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். முதலில் உள்பட்டை. அது தலையில் ஆடாமல் உட்கார்ந்த பிறகுதான் ஓட்டைப் பற்றி யோசிக்க வேண்டும்.

புருவத்துக்கு ஒரு விரல் மேலே, காதுகளுக்கு மேலாகச் சுற்றி அளவெடுங்கள். மேடையில் எந்தச் சடை, எந்தக் கொண்டையோ அதைப் போட்டுவிட்டுத்தான் அளவெடுக்க வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 3 செ.மீ. அகலத்தில் அட்டைப் பட்டை வெட்டி வளையமாக்கி, உச்சியில் குறுக்காக இரண்டு பட்டைகளை ஒட்டுங்கள். நெற்றி, பின்மண்டை, கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலுள்ள இரண்டு பொட்டு ஆகிய இடங்களில் யோகா பாயிலிருந்து வெட்டிய சிறு துண்டுகளை உள்பக்கமாக வையுங்கள். வளையத்துக்கும் தலைக்கும் நடுவில் அந்த மெத்தைக்கு இடம் வேண்டுமே, அதனால் தலைச் சுற்றளவைவிட 3, 4 செ.மீ. கூட்டியே வளையத்தைப் போடுங்கள். போட்டுவிட்டுத் தலையை வேகமாக ஆட்டச் சொல்லுங்கள். நழுவினால் பின்பக்கம் இன்னொரு துண்டு.

இனி ஓடு. பட்டைக்கும் ஓட்டுக்கும் நடுவில் 2 செ.மீ. இடைவெளி விட்டால் காற்று போகும், காதும் நசுங்காது. அந்த 2 செ.மீ. சின்னதாகத் தெரிந்தாலும், சுற்றளவில் பன்னிரண்டரை செ.மீ. கூடிவிடும். பட்டை 55 செ.மீ. என்றால் ஓடு 67, 68 வரும். வெறும் தலை அளவுக்கு அட்டையை வெட்டிவிட்டு ஏன் போதவில்லை என்று விழிப்பதெல்லாம் இந்தக் கணக்கை விட்டதால்தான்.

அட்டைப் பெட்டியின் அட்டைக்கு நடுவில் நெளிநெளியாக ஒரு தாள் ஓடும். நெளிக் கோடுகள் மேலும் கீழுமாக நிற்கும்படி வெட்டினால்தான் பக்கச் சுவர் அழகாக வளையும், குறுக்காக வெட்டினால் இஷ்டத்துக்கு மடங்கி முறியும். வெட்டிய துண்டை மேசை விளிம்பில் வைத்து, கோடு கோடாக அழுத்திக்கொண்டே கீழே இழுங்கள், ஒவ்வொரு நெளியும் கொஞ்சம் உடைந்து அட்டை வளைவுக்குப் பழகிவிடும். அப்படியும் முரண்டு பிடித்தால் ஒரு பக்கத் தாளை லேசாக ஈரமாக்கி உரித்துவிடுங்கள். உரித்த பக்கம் உள்ளே போகட்டும்.

மண்டையின் மேல் வளைவுதான் எல்லோரும் பயப்படும் இடம். தட்டையான அட்டை ஒரு திசையில் வளையும், ஒரே நேரத்தில் இரண்டு திசையில் வளையாது, எவ்வளவு கெஞ்சினாலும் சரி. அதனால் முழு அட்டையில் முயற்சி செய்யாமல் 2 செ.மீ. பட்டைகளால் கூடு கட்டுங்கள்: முன்னிருந்து பின்னுக்கு ஒன்று, காதுக்குக் காது ஒன்று, மூலைவாட்டில் இரண்டு. இந்தக் கூடு உங்கள் உள்பட்டைமேல் சமமாக உட்காருகிறதா என்று பார்த்துவிட்டு, இடைவெளிகளை மெல்லிய அட்டைத் துண்டுகளால் மூடி டேப் ஒட்டுங்கள். மருந்து டப்பா, பற்பசை டப்பா அட்டை போதும்.

இதன்மேல் செய்தித்தாள். வெள்ளைப் பசை இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. தாளைக் கத்தரிக்காதீர்கள், கையால் கிழியுங்கள், கிழிந்த ஓரம் மெலிந்திருப்பதால் இணைப்பு வெளியே தெரியாது. ஒரு அடுக்கு அச்சடித்த தாள், அடுத்தது வெள்ளைத் தாள் என்று மாற்றிப் போட்டால் எங்கே விட்டுப்போனது என்று கண்ணுக்கே தெரியும். இரண்டு மூன்று அடுக்கு போட்டதும் நிறுத்தி, ஒரு நாள் முழுக்க மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். அவசரப்பட்டு ஹேர் டிரையரால் சூடேற்றினால் மேல் தோல் காய்ந்து உள்ளே ஈரம் தங்கும், அப்புறம் கோணிக்கொள்ளும், பூஞ்சையும் பிடிக்கும். காயும்போது உள்ளே கசக்கிய தாளைப் பாலிதீன் பையில் போட்டு அடைத்து வைத்தால் வடிவம் குலையாது.

முகம் மூட வேண்டும் என்கிறீர்கள். அப்படியென்றால் ஹெல்மெட்டின் கழுத்து வாய் கழுத்து அளவில் இருக்க முடியாது, மூக்கும் பின்மண்டையும் சேர்ந்து உள்ளே நுழைய வேண்டும். வாயை அவ்வளவு பெரிதாக விட்டால் பார்க்க வாளியைக் கவிழ்த்தது மாதிரி இருக்கும். என் யோசனை, முகப் பகுதியைத் தனியாகச் செய்து, நெற்றிக்கு மேலே துணிப் பட்டையைக் கீல் மாதிரி ஒட்டி, தாடைப் பக்கம் வெல்க்ரோவால் மூடுங்கள். திறந்து போடலாம், காட்சிக்கு நடுவில் மூச்சு வாங்கவும் தூக்கிக்கொள்ளலாம்.

கண் துளையைக் கடைசியில், அவள் தலையில் போட்டுப் பார்த்து எங்கே என்று குறித்துக்கொண்டு, கழற்றி வைத்து வெட்டுங்கள், போட்டிருக்கும்போது கத்தி வேண்டாம். துளையைப் பெரிதாக்குவதைவிடக் கண்ணுக்கு அருகில் கொண்டுவருவதுதான் பலன் தரும். 3 செ.மீ. உயரமுள்ள துளை கண்ணிலிருந்து 6 செ.மீ. தள்ளி இருந்தால் மேலும் கீழுமாகச் சுமார் 28 பாகைதான் தெரியும், அதே துளை 3 செ.மீ. தூரத்துக்கு வந்தால் 53 பாகை. மேடையில் குழந்தைகள் இடறுவது கீழே தெரியாததால்தான், அதனால் மூக்குக்கு இரண்டு பக்கமும் கீழ்நோக்கிப் பார்க்க ஒரு பிளவு கண்டிப்பாக விடுங்கள். கண் வெளியே தெரியக் கூடாது என்றால் கறுப்பு வலைத்துணியை உள்ளே ஒட்டுங்கள். மேடை வெளிச்சம் வெளியே, உள்ளே இருட்டு, எனவே அவளுக்குத் தெரியும், பார்ப்பவர்களுக்குத் தெரியாது. பளபள பிளாஸ்டிக் கண்ணாடி அழகுதான், மூச்சுக்காற்றில் இரண்டு நிமிடத்தில் பனி பிடித்துக்கொள்ளும்.

காற்றுக்குத் தாடைக்கு அடியிலும் உச்சியிலும் துளைகள் வேண்டும். சூடான காற்று மேலே போகும், போக வழியும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விட்ட மூச்சையே திரும்ப இழுத்துத் தலை கிறுகிறுக்கும். உச்சித் துளைகளை விண்வெளி உடையின் காற்றுக்குழாய் மாதிரி அலங்கரித்தால் வேடத்தோடு சேர்ந்துவிடும். வசனம் உண்டென்றால் வாய்ப் பக்கத்தைத் திறந்தே விட்டு வலை போடுங்கள். காது பக்கத்திலும் துளைகள் தேவை, உடன் நடிப்பவர் சொல்வது அவளுக்குக் கேட்க வேண்டும்.

பெயிண்ட் அடிப்பதற்கு முன் உள்ளும் புறமும் பசை நீரை ஒரு பூச்சு பூசிக் காயவையுங்கள். வியர்வையில் அட்டை ஊறுவதை அதுதான் கொஞ்சமாவது தடுக்கும். பிறகு முழுக்கக் கறுப்பு அக்ரிலிக், காய்ந்ததும் பிரஷ்ஷில் துளி வெள்ளிநிறம் தொட்டு, தாளில் துடைத்து, கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷ்ஷால் மேடுகளில் மட்டும் தேய்த்தால் உலோகம் போலவே இருக்கும், இந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. அலங்காரத்துக்குத் தெர்மாகோல் ஒட்டியிருந்தால் ஸ்ப்ரே பெயிண்ட்டை நேராக அடிக்காதீர்கள், அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைக் கரைத்துவிடும்.

தாடைப் பட்டைக்கு முடிச்சு வேண்டாம், இழுத்தால் தானாகக் கழன்றுவிடும் வெல்க்ரோ போதும். விளக்கு வைக்க ஆசைப்பட்டால் பொத்தான் பேட்டரி வேண்டாம், சிறு குழந்தை யாராவது விழுங்கினால் பெரிய ஆபத்து. திருகாணியால் மூடும் பேட்டரிப் பெட்டியைப் பின்மண்டைப் பக்கம் வையுங்கள், முன்பக்க எடைக்கு ஈடாகவும் இருக்கும். இது அட்டை, அடி தாங்காது, தீயும் பிடிக்கும், அதனால் இதைப் போட்டுக்கொண்டு சைக்கிள் ஓட்டவோ மெழுகுவர்த்தி பக்கம் போகவோ விடாதீர்கள்.

முடித்ததும் வீட்டில் 10 நிமிடம் போட்டுக்கொண்டு வசனம் பேசி, படி இறங்கி நடக்கச் சொல்லுங்கள், நீங்களும் கூடவே இருங்கள். கழற்றியதும் நெற்றியைப் பாருங்கள். சிவந்த தடம் எங்கே இருக்கிறதோ அங்கே மெத்தைத் துண்டை மெலிதாக்குங்கள், அல்லது அதன் இரண்டு பக்கமும் வேறு துண்டு ஒட்டி எடையைப் பிரித்துவிடுங்கள்.