பன்னிரண்டு பேட்டிகளும் ஒரே பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பணியை விட்டு விலகிய செவிலியர்களைப் பற்றி ஆய்வு செய்கிறேன். இதுவரை 12 பேரை நேர்காணல் செய்திருக்கிறேன். கையில் 18 கேள்விகள். ‘ஏன் வேலையை விட்டீர்கள்?’ என்று கேட்டால் எல்லோரும் ‘வேலைப்பளு, குடும்பம்’ என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். இருபது நிமிடத்தில் பேட்டி முடிந்துவிடுகிறது. என் நெறியாளர், ‘ஒரே பதில்தான் வருகிறது, இனிப் புதிதாக எதுவும் வராது, அதாவது செறிவுநிலை வந்துவிட்டது, நிறுத்திக்கொள்’ என்கிறார். புள்ளியியல் படிக்கும் நண்பனோ, ‘12 பேரை வைத்து எதை நிரூபிப்பாய்?’ என்று சிரிக்கிறான். யார் சொல்வது சரி?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பரின் கேள்வி சுலபமானது. எத்தனை சதவீதம் பேர் எந்தக் காரணத்தால் விலகினார்கள் என்பதுதான் உங்களுக்குத் தெரியவேண்டும் என்றால் அவர் சொல்வது சரி, கணக்கெடுப்புக்குப் போய்விடுங்கள். விலகும் முடிவு ஒருவருக்குள் எப்படி உருவாகிறது என்று பார்க்கவேண்டும் என்றால் அவர் சிரித்துவிட்டுப் போகட்டும்.

நெறியாளர் சொல்வதுதான் எனக்கு உறுத்துகிறது. சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967-இல் செறிவுநிலை பற்றி எழுதியபோது, ஒரே பதில் திரும்பத் திரும்ப வருவதை அவர்கள் சொல்லவில்லை. உருவாகிவரும் ஒரு கருத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் புதிய தரவு அதில் எதையும் சேர்க்கவில்லை என்ற கட்டத்தைச் சொன்னார்கள். ‘12 பேட்டி போதும்’ என்ற எண்ணுக்கும் ஒரு கதை இருக்கிறது. கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் கானாவிலும் நைஜீரியாவிலும் பெண்களிடம் எடுத்த 60 பேட்டிகளை ஆராய்ந்து, முதல் 12-க்குள்ளேயே பெரும்பாலான கருப்பொருள்கள் வந்துவிட்டதாக 2006-இல் எழுதினார்கள். பேசியவர்கள் ஓரளவு ஒரே பின்னணியினர், கேள்விகளும் ஒன்றே என்ற நிபந்தனையோடு சொன்னது அது. நிபந்தனை உதிர்ந்துபோய் எண் மட்டும் ஆய்வேடு ஆய்வேடாக உலவுகிறது. உங்களுக்கு வந்திருப்பது செறிவு இல்லை. பன்னிரண்டு பேரும் உங்களை வாசலோடு பேசி அனுப்பிவிட்டார்கள், அவ்வளவுதான்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. ‘ஏன்’ என்று கேட்டாலே நமக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்துவிடுகிறது. ஏன் லேட்டு, ஏன் எழுதவில்லை? ‘ஏன்’ என்றால் மக்கள் நியாயம் சொல்லத் தொடங்குகிறார்கள், ‘எப்படி நடந்தது’ என்றால் நடந்ததைச் சொல்கிறார்கள் என்று சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் தன் களப்பணி அனுபவத்திலிருந்து எழுதியிருக்கிறார். ‘குடும்பம்’ என்பது யாரும் மறுத்துப் பேசாத நியாயம், அதனால் முதலில் அதுதான் வரும். அதற்குப் பதில், ‘ராஜினாமா கடிதம் கொடுத்த நாளைச் சொல்லுங்கள், காலையில் எழுந்ததிலிருந்து’ என்று கேட்டுப் பாருங்கள். அன்று எந்த ஷிப்ட், யாரிடம் முதலில் சொன்னார், கடிதம் எத்தனை நாள் பையிலேயே கிடந்தது? ‘குடும்பம்’ என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குள் இரவுப் பணி முடிந்து வந்தும் தூங்கமுடியாத பகல்கள் இருக்கலாம். கண்முன்னே இறந்த ஒரு நோயாளி இருக்கலாம்.

அப்புறம் அந்த 18 கேள்விகள். 1928 முதல் 1930 வரை சிகாகோவுக்கு அருகே ஹாத்தோர்ன் தொழிற்சாலையில் 20,000-க்கும் அதிகமான தொழிலாளர்களைப் பேட்டி எடுத்தார்கள். நிர்வாகமே நடத்திய பேட்டிகள் என்பதால் எனக்கு அவற்றின்மேல் சந்தேகம் உண்டு. ஆனாலும் நடந்ததைக் கேளுங்கள். முதலில் கேள்விப் பட்டியலோடுதான் போனார்கள். தொழிலாளர்கள் பட்டியலில் இல்லாத எதையோ பேசப் போவதும், பேட்டியாளர்கள் அவர்களைத் திரும்ப இழுத்து வருவதுமாக இருந்தது. கடைசியில் பட்டியலைக் கைவிட்டு, பேசுகிறவர் போகும் வழியிலேயே போனார்கள். அரை மணி நேரப் பேட்டிகள் ஒன்றரை மணி நேரம் வரை நீண்டன. அந்தப் பதினெட்டில் நான்கை வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை உங்கள் ஆய்வுக் கேள்விகள், பதில் தேடவேண்டியது நீங்கள்.

என் முதல் பேட்டிகளின் ஒலிப்பதிவைக் கேட்டபோது எனக்கே வெட்கமாக இருந்தது. எதிரில் இருப்பவர் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி யோசிக்கிறார், நான் ‘ஆமாம், புரிகிறது’ என்று குறுக்கே விழுந்து அடுத்த கேள்விக்குத் தாவுகிறேன். எனக்கு ஒன்றும் புரிந்திருக்கவில்லை, அந்த மௌனம் தாங்கவில்லை. இப்போதெல்லாம் மனதுக்குள் பத்துவரை எண்ணுவேன். ஏழு எட்டு வருவதற்குள் அவர்களே தொடர்ந்துவிடுவார்கள். ரெக்கார்டரை அணைத்துவிட்டு எழுந்த பிறகுதான் சிலர் உண்மையில் பேசவே தொடங்குவார்கள். அதைத் திருட்டுத்தனமாக ஆய்வேட்டில் ஏற்றாதீர்கள், ‘இதையும் எழுதிக்கொள்ளலாமா?’ என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

அவர்கள் சொல்வதெல்லாம் உண்மையா என்று வைவாவில், அதாவது ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில், நிச்சயம் கேட்பார்கள். வார்டில் என்ன நடந்தது என்பதற்கு வருகைப் பதிவேடு இருக்கிறது, அங்கே போய் உட்கார்ந்தும் பார்க்கலாம். நடந்ததை அவர் இன்று எப்படி நினைவில் வைத்திருக்கிறார் என்பதற்குத்தான் பேட்டி.

ஒலிப்பதிவை எழுத்தாக்க வேறு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகும், முதுகு வலிக்கும். ஆனால் எந்த இடத்தில் குரல் தாழ்ந்தது என்பது உங்கள் காதுக்குத்தான் தெரியும்.

சரி, இப்போதைக்குப் பதின்மூன்றாவது ஆளைத் தேட வேண்டாம். அந்தப் பன்னிரண்டு பேரில் இரண்டு பேரை மறுபடி பார்க்க முடியுமா என்று கேளுங்கள். நெறியாளரிடம் என் பதிலைக் காட்டுவதைவிட, பழைய இருபது நிமிடத்தையும் புதிய எழுத்தாக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.